ஆளுக்கு ஒரு இதயம்

"வேணாம். இதயத்த எண்ணிக் காட்டவே வேணாம்." கணக்கப்பிள்ளை தங்கவேலு நாலாவது தடவையாகச் சொன்னார்.

கிருஷாந்திக்குத் தலை விண்ணென்று தெறித்தது. ஆறு நாளும் ஹட்டன் கம்ப்யூட்டர் கடையில் வேலை. ஏழாம் நாள் பொகவந்தலாவை பஸ்ஸில் குலுங்கி வந்து, தேயிலைத் தோட்டத்து வாசிகசாலையில் இந்தப் பஞ்சாயத்து.

தோட்டத்து ஆட்கள் எழுதுவதற்கென்று அவள்தான் அந்த இணையத்தளத்தைத் தொடங்கினாள். ஆளுக்கு ஒரு பக்கம். நாற்பது பேர் சேர்ந்தார்கள். இப்போது எழுதுவது பதினைந்து பேர். நாலு பேரை இழுக்கிற மாதிரி ஏதாவது வசதி சேர்க்காவிட்டால் தளத்தை மூட வேண்டியதுதான்.

"சரி, மத்ததை முடிப்போம். நட்புக் கோரிக்கை?"

"பக்கத்துக் காம்பராக்காரிக்கு எதுக்குடி கோரிக்கை? செவத்தைத் தட்டுனா வந்துட்டுப் போறா" என்றாள் அம்மாக்கண்ணு. கொழுந்து எடுக்கும் பெண்களில் விடாமல் எழுதுகிறவள் அவள் ஒருத்திதான்.

"தனிச்செய்தி?"

"ஐயோ வேணாம். என் போன் லயத்து வீடுங்க எல்லாத்துக்கும் பொதுப் போனு" என்றாள் அவளே.

ஆட்டோ ஓட்டும் பிரதாபன் பிளேன்டீயைக் குடித்தபடி சிரித்தான்.

மிச்சம் இருந்தது இதயம்தான். படித்தது பிடித்தால் அழுத்துகிற குறி. மூன்று மாதமாக இருக்கிறது. எத்தனை விழுந்தது என்பது எழுதியவருக்கும் கிருஷாந்திக்கும் மட்டும் தெரியும். இனி அதை எல்லாரும் பார்க்கும்படி போட்டு, வாரா வாரம் முதல் பத்துப் பேரையும் அறிவிப்போம் என்றாள் கிருஷாந்தி.

"போட்டி வந்தா ஆளும் வரும், கணக்கப்புள்ள ஐயா."

"போட்டி வராது தங்கச்சி. வெக்கந்தான் வரும்."

அம்மாக்கண்ணுவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"இத யாரு சொல்றதுன்னு பாருங்களேன்! நாலு மணிக்கு மடுவத்துல கொழுந்து நிறுக்குறப்ப, 'அம்மாக்கண்ணு பதினாலு கிலோ, அரைப்பேரு'ன்னு மலைக்கே கேக்குற மாதிரி கத்துறது யாராம்? அரைநாள் சம்பளமும் போயி மானமும் போகுது. அப்ப வராத வெக்கம் இப்ப எங்கருந்து வந்துச்சு?"

"கத்துறது நான்தான்" என்றார் தங்கவேலு. "அதனாலதான் சொல்றேன். கொறஞ்ச கிலோவ நான் சொல்றப்ப உங்க மூஞ்சிய நீங்க பாக்குறதில்ல. நான் பாக்குறேன்."

"அதெல்லாம் இல்லக்கா" என்று பிரதாபன் கண்ணடித்தான். "ஐயா தராசைப் பத்தி ஒண்ணு எழுதுனாருல்ல? அதுக்கு முட்டை. அவரே என்கிட்ட சொன்னாரு. அந்த எரிச்சல்."



கிருஷாந்திக்கு இதுவே நல்ல பிடி என்று தோன்றியது. போனை நீட்டினாள். "பாருங்கய்யா. இதுவரைக்கும் அறுபத்தஞ்சு பதிவு. உங்க ஒண்ணத் தவிர ஒருத்தருக்கும் முட்டை இல்ல. மத்த எல்லாருக்கும் ஒண்ணாவது விழுந்திருக்கு. அப்புறம் யாருக்கு வெக்கம்?"

"அதானே!" என்றாள் அம்மாக்கண்ணு. "என் மொத பதிவுக்கு ஒண்ணுதான் விழுந்துச்சு. யாரோ ஒரு புண்ணியவாளன் படிச்சிருக்கான்னுதானே ரெண்டாவது எழுதுனேன்! அது இல்லாட்டி அன்னைக்கே போனை மூடி வச்சிருப்பேன்."

தங்கவேலு அவளை ஒரு நிமிஷம் பார்த்தார்.

"மூணு பேரு ஒரு பக்கம். அப்ப போட்டுக்கங்க" என்று குடையை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கினார்.

"பொறாமை புடிச்ச மனுசன்" என்று அம்மாக்கண்ணு கோப்பைகளைக் கழுவப் போனாள். பிரதாபன் ஆட்டோவைக் கிளப்பினான்.

கிருஷாந்தி பெருமூச்சோடு தளத்தின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தாள். 'எண்ணிக்கையைக் காட்டு' என்று இருந்தது. அதற்குக் கீழே, 'அழுத்தியவர் பெயரையும் காட்டவா?' என்று கேட்டது. நிர்வாகி அவள் ஒருத்திக்குத்தான் அந்தப் பெயர்கள் தெரியும். வேலை அலுப்பில் இதுவரை திறந்தே பார்த்ததில்லை. காட்டினால் யாருக்காவது சங்கடம் வருமா என்று பார்க்க, ஒரே ஒரு இதயம் விழுந்த பதிவுகளை மட்டும் வரிசையாகத் திறந்தாள்.

அம்மாக்கண்ணுவின் முதல் பதிவு. அடுத்தது. அதற்கடுத்தது. மொத்தம் முப்பத்தொன்று.

"போட்டுட்டியா புள்ள?" என்று குழாயடியிலிருந்து குரல் வந்தது.

"இல்லக்கா... கொஞ்சம் இங்க வாங்க."

ஈரக்கையைச் சேலையில் துடைத்தபடி வந்த அம்மாக்கண்ணு, தன் பெயருக்கு எதிரே இருந்த பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தாள். கிருஷாந்தி திரையை மெல்ல மேலே தள்ளினாள். முப்பத்தொரு வரியிலும் ஒரே பெயர்தான் இருந்தது: தங்கவேலு.