மாப்பிள்ளை ஆசைப்பட்ட அகலம்

டயர்க்காரர் குந்தி உட்கார்ந்து, புது டயரின் ஓரமெல்லாம் சாக்பீஸால் தேய்க்கிறார். தகரக் கூரையின் ஓட்டைகள் வழியே வெயில் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரின் மேல் வட்டம் வட்டமாய் விழுகிறது. "திருப்புங்க மாப்ளே." அவருடைய தங்கை புருஷன் ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கிறார். சர்ரக். சக்கரத்துக்கு மேலுள்ள தகட்டில் வெள்ளைத் தீற்றல். இருநூற்றைந்து மில்லிமீட்டர் அகலத்துக்குச் செய்த இடத்தில் இருநூற்று நாற்பத்தைந்தைத் திணித்தால், குண்டு மாமா பஸ்ஸில் ஜன்னலோரத்துக்குப் புகுந்த கதைதான். "உரசுது மாப்ளே. மலைப்பாதைல வளைவுக்கு வளைவு டயரை அறுக்கும்." "ஓட ஓட தேஞ்சு வழிவிட்டுடும் மச்சான். பாக்க எப்படி இருக்கு, அதச் சொல்லுங்க!" டயர்க்காரருக்குச் சிரிப்பு வந்து பாதியில் நிற்கிறது. ஏழு மாத வயிற்றோடு தங்கை முன்சீட்டில் ஏறுகிறாள். "விட்டுடுண்ணா, இல்லேன்னா ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவார்." கார் ஒரு விரற்கடை தணிகிறது, டயருக்கும் தகட்டுக்கும் நடுவில் இப்போது காகிதம்கூட நுழையாது. வேறு யாராவது என்றால், "வண்டியை எடுத்துட்டுப் போய்யா" என்றிருப்பார். வீட்டு மாப்பிள்ளையிடம் நாக்கு எழவில்லை. என்ஜின் உறுமுகிறது. "கிளம்பட்டுமா மச்சான்?" டயர்க்காரர் சக்கரத்துக்கு முன்னாலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்கிறார்.