கலங்கல்

கிட்டாரின் கடைசிக் கம்பியைத் தட்டிவிட்டு ரெக்சன் தலையை ஆட்டினான்.

“இன்னும் கலங்கலாத்தான் இருக்குட்டி.”

அவளுக்குத் தெளிவாகக் கேட்டது. கணீரென்று.

ஜெனிட்டா திருப்புளியை எடுத்தாள். கம்பிகளுக்கு அடியில் புதிதாகப் பொருத்தியிருந்த, அவற்றின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்பை இன்னும் கொஞ்சம் இறக்கினாள். அதன் காந்தம் கம்பியை நெருங்கிவிட்டால் சத்தம் குழம்பும் என்று அண்ணனுக்குச் சொல்லியிருந்தாள்.

மறுபடி தட்டினான்.

“ம்ஹூம். போர்வைக்குள்ள இருந்து வாசிக்கிற மாதிரி இருக்கு.”

கம்பிகளை மாற்றியாயிற்று. வயரை மாற்றியாயிற்று. டோன் குமிழைக் கழற்றி அழுக்கெடுத்து மாட்டியாயிற்று. பழைய பிக்கப் செத்துவிட்டது என்று சொன்னதும் அவள்தான். ரெக்சன் மறுபேச்சு பேசவில்லை. கச்சேரிக்குச் சவுண்டு பார்ப்பவள் தங்கை. அவளுக்குத் தெரியாததா?

அந்தப் பழைய பிக்கப் அவள் மடியில் கிடந்தது.

அதில் ஒரு குறையும் இல்லை.

அன்று மாதா கோயில் திருவிழாக் கச்சேரி. அவள் சவுண்டு மிக்சர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். பாதிப் பாட்டில் போன் வந்தது. தோளில் இடுக்கிக்கொண்டு பேசினாள். சிரித்தாள். பாடகரின் மைக்கை ஏற்றுவதாக நினைத்து, பாராமலே வேறெதையோ தள்ளினாள்.

அண்ணனின் காதோரம் இருந்த ஸ்பீக்கர் பெட்டி வீறிட்டது.

அவன் கிட்டாரோடு குனிந்துவிட்டான். எதைத் தள்ளினோம் என்று அவள் தேடிக்கொண்டே இருந்தாள்.

இறங்கி வந்தபோது சிரித்தான். “பரவால்லட்டி. காதுக்குள்ள சில்வண்டு கத்துது, அவ்வளவுதான்.”

மறுநாளும் கத்தியதா என்று அவள் கேட்கவில்லை.

கொஞ்ச நாளில் அவனாகவே வந்து கிட்டார் சரியில்லை என்றான். அவள் சட்டென்று கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். வாங்கும்போது மனசு லேசானது.



போன கல்யாணக் கச்சேரியில், கீச்சொலியைக் கூட்டும் டிரெபிள் குமிழை முழுசாகத் திருகி வைத்து வாசித்தான். முன்வரிசையில் ஒரு குழந்தை அழுதது. இன்னொரு தடவை இப்படி ஆனால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்று குழுத் தலைவர் சொல்லிவிட்டார். வீடு வரும்வரை ரெக்சன் பிக்கப்பைத்தான் திட்டிக்கொண்டு வந்தான்.

இப்போது கிட்டாரை மடியில் கவிழ்த்தான்.

“இதுவும் போலியாத்தான் இருக்கும். ஒன்ன நல்லா ஏமாத்திட்டானுவ. நாளைக்குக் கடையில போயி அவனை ஒரு பிடி பிடிக்கேன்.”

கடைக்காரர் வயதானவர். நல்ல சரக்கு என்று நாலைந்தைத் தட்டிப் பார்த்துத் தேர்ந்து கொடுத்தவர்.

அவள் ஆம்ப்ளிபயரை அணைத்தாள். அறை அமைதியானது.

“அண்ணே.” தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “கிட்டார் நல்லாத்தான் இருக்கு. அன்னைக்குத் திருவிழாவுல நான்தான்…”

அவன் கம்பிகளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்தபோதுதான் அவள் உதடு அசைந்ததைப் பார்த்தான்.

“என்னது? சத்தமாச் சொல்லுட்டி.”

அடுப்படியில் அம்மா பாத்திரம் கழுவுவதை நிறுத்தியிருந்தாள். வாசல் கதவு திறந்திருந்தது. தெருவில் ஆட்கள் நடந்துகொண்டிருந்தார்கள்.

ஜெனிட்டா எழுந்து கதவைச் சாத்தவில்லை.

நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக்கொண்டாள்.