முகம் பார்க்கிற மேஜை

"கெடுத்தது யாரு? எவனா இருந்தாலும் அவன்தான் வந்து சரி பண்ணணும்!"

வெள்ளைச்சாமி போட்ட சத்தத்தில் வெளியே பாலிஷ் மெஷின் சத்தமே அமுங்கிப் போயிற்று. பர்கூர் ரோட்டில் அவருடைய கிரானைட் பட்டறை. கல்லுடைக்க வந்து முதலாளி ஆனவர். பேரத்திலும் கோபத்திலும் அவரை ஜெயிக்க ஆளில்லை.

கம்ப்யூட்டரில் அம்புக்குறி அசையவே இல்லை. பெங்களூர் பார்ட்டிக்கு மதியத்துக்குள் கொட்டேஷன் போயாக வேண்டும்.

"இந்த ரூம்ல நீ ஒருத்திதானே இருக்கே?"

"நான் கெடுக்கலைண்ணா," என்றாள் ஆபீஸ் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் சுஹைனா. "நேத்து நீங்க அந்தக் காலண்டர் தாளை..."

"பார்ட்டி வர்ற நேரத்துல என் கறுப்புக் கல்லு மேஜை மேல பழைய காலண்டரை விரிச்சு வெச்சா, குப்பையில போடாம கும்பிடுவாங்களா? மவுஸைக் கேட்டா காலண்டர் கதை சொல்றே! வேலை பாக்க இஷ்டமில்லைன்னா கிளம்பு!"

அவள் கிளம்பிவிட்டாள். டிபன் பாக்ஸைக் கூட எடுக்கவில்லை.

வெள்ளைச்சாமி மவுஸோடு ஜுபைரின் கம்ப்யூட்டர் கடைக்குப் பாய்ந்தார். அடித்துப் பேசி பாதி விலைக்கு அங்கே வாங்கியதுதான்.

"டூப்ளிகேட்டை என் தலையில கட்டிட்டியா பாய்?"

ஜுபைர் அதைத் தன் மர மேஜையில் வைத்து நகர்த்தினான். அம்புக்குறி துள்ளி ஓடியது.

"மவுஸ் நல்லாத்தாண்ணே இருக்கு. உங்க மேஜைதான் ஒத்துக்கலை."

"என் கல்லையா சொல்றே? முகம் பாத்து சவரம் பண்ணலாம்யா அதுல!"

"அதனாலதாண்ணே. மவுஸுக்கு அடியில எரியற லைட்டு அந்தப் பளபளப்புல வழுக்கிடும். மேல ஒரு தாள் போட்டாப் போதும். உங்க ஆபீஸ் பொண்ணுகிட்ட அன்னிக்கே சொன்னேனே."

"எங்கிட்ட அவ சொல்லலையே!"

"'முதலாளி தன் கையால இழைச்ச கல்லுண்ணே. அதைக் குறை சொன்னா மனசு உடைஞ்சுடுவாரு. நானே எதையாவது விரிச்சுக்கறேன்'னு சொல்லிச்சு."

திரும்பி வந்தார். நாற்காலி காலி. சுஹைனா கிருஷ்ணகிரி பஸ் ஏறிவிட்டதாக வாட்ச்மேன் சொன்னார்.

குப்பைக்கூடையிலிருந்து காலண்டர் தாளை எடுத்து, கசங்கலை நீவி, மேஜையில் விரித்தார். மவுஸை வைத்தார். அம்புக்குறி சாதுவாக நகர்ந்தது.

தாள் மூடாத பாதிக் கல்லில் ஒரு முகம் தெரிந்தது. வெள்ளைச்சாமி அதையே முறைத்துப் பார்த்தார்.

"கெடுத்தது நீதானே? கிளம்புய்யா. அந்தப் புள்ள வீட்டு வாசல்ல போய் நில்லு. நீயே சரி பண்ணு!"