ஆறு மணிச் சங்கு

"ஆறு மணிச் சங்கு ஊதினாத்தான் வருவேன். அதுவரைக்கும் அடுப்பு உங்க பொறுப்பு" என்று சொல்லிவிட்டு, மனைவி கையுறைக் கம்பெனிக்குக் கிளம்பிப் போனாள்.

அவள் புருஷன் ஃபிட்டர் அடுப்படிக்குப் போனார். மறுத்துப் பேச வாய் ஏது? நூல் மில்லில் வேலை பார்த்த முப்பது வருஷமும், சங்கு ஊதிய பிறகுதான் அவரும் வீட்டுப் படி ஏறுவார். ஏறியதும் "உடம்பெல்லாம் ஒரே வலி" என்று சாய்ந்துவிட்டால் போதும், சாப்பாடு இருந்த இடத்துக்கே வந்துவிடும்.

அந்த மில்லை மூடினார்கள். அதே கட்டடத்தில் கையுறை தைக்கும் கம்பெனி வந்தது. தையல் தெரிந்த பெண்களை மட்டும் வேலைக்கு எடுத்தார்கள். ஊரில் பாதி ஆண்கள் கையில் இப்போது கரண்டி.

தொடர்ந்து நான்காவது நாளாக உருளைக்கிழங்கு கருகியபோது ஃபிட்டருக்குப் பொறுமை போய்விட்டது. மணி ஐந்தரை. அடுப்பை அணைத்துவிட்டு நேரே கம்பெனி வாசலுக்குப் போனார். மில் காலத்து வாட்ச்மேனே இங்கேயும் வாட்ச்மேன். சங்கு ஊதுவதும் அவர்தான்.

"அண்ணே, மேனேஜர்கிட்ட சொல்லி பொம்பளைங்களை அஞ்சு மணிக்கே விடச் சொல்லுங்க. ஊர்ல ஒரு ஆம்பளைக்கும் சமையல் கைக்கு வரலை. எல்லாரும் எளைச்சுப் போயிட்டோம்."

வாட்ச்மேன் தலையைச் சொறிந்தார். மேனேஜருக்குச் சங்கே வேண்டாமாம். பெண்கள்தான் மனுக் கொடுத்து அதை மறுபடி ஊத வைத்தார்களாம். பழைய மில்மேல் இவர்களுக்கு இவ்வளவு பாசமா என்று ஃபிட்டருக்கு நெஞ்சு நெகிழ்ந்தது.

அப்போது மில் காலத்துப் பஞ்சுக் கிடங்குப் பக்கமிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. தையல் மெஷின் சத்தம் வரவில்லை. ஃபிட்டர் போய் எட்டிப் பார்த்தார். பத்துப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருக்க, நடுநாயகமாக அவர் மனைவி சீட்டுக் கலைத்துக்கொண்டிருந்தாள்.

"வேலை நேரத்துல சீட்டாட்டமா?"

பின்னாலேயே வந்த வாட்ச்மேன் குரலைத் தாழ்த்தினார். "வேலை அஞ்சுக்கே முடிஞ்சிருச்சு, ஃபிட்டரே. மில்லுல உங்களுக்கு முடிஞ்ச மாதிரியேதான். கிடங்கைச் சுத்தம் பண்றப்ப நீங்க ஒளிச்சு வச்ச சீட்டுக்கட்டு அவங்க கையில சிக்கிருச்சு. நான் என்ன பண்ண, எல்லாத்தையும் சொல்ல வேண்டியதாப் போச்சு."

மனைவி சீட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"உடம்பெல்லாம் ஒரே வலிங்க. சங்கு ஊதட்டும், வந்துடறேன்."