எழுந்து நின்றவர்கள்

நர்ஸ்கள் சாப்பிடும் சின்ன அறையில், டிபன் பாக்ஸில் சாய்த்து வைத்த போனில் வெளிநாட்டு சீரியல் ஓடுகிறது. ஜன்னல் வெயில் திரையில் விழாதபடி மூத்த நர்ஸ் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டிருக்கிறாள். சாம்பல் நிறக் கோட்டும் தோளில் புரளும் முடியுமாக ஒரு பெண் வக்கீல் நடந்து வருகிறாள். "முடிய விரிச்சுப் போட்டுக்கிட்டே கோர்ட்டுக்கு வர்றா. என்ன கம்பீரம் பாருங்கக்கா" என்கிறாள் இளையவள், தன் கொண்டை வலையைத் தொட்டபடி. வக்கீல் தன் முதலாளியைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாள். அவரோ அவளுக்குக் காப்பி ஊற்றித் தருகிறார். "நம்ம பெரிய டாக்டரம்மாவ இப்படிக் கூப்பிட்டா?" "திரும்பிப் பாப்பாங்க. அப்ப நாமதான் இங்க இருக்க மாட்டோம்" என்கிறாள் மூத்தவள். சிரிப்பு அடங்குமுன் கதவு திறக்கிறது. வருவது பெரிய டாக்டரம்மாவேதான். இருவரும் கையில் ஸ்பூனோடு எழுந்துவிடுகிறார்கள். "உக்காருங்க. நேத்து அந்த சாட்சி மாத்திச் சொன்னானே, இன்னிக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டபடி அவர் காலி ஸ்டூலில் உட்கார்கிறார். இருவருக்கும் முழங்கால் மடங்க மாட்டேன் என்கிறது. டாக்டரம்மா போனை எடுத்து, நிற்பவர்களின் கண்ணுக்கு நேராக உயர்த்திப் பிடித்துக்கொண்டு, தான் அண்ணாந்து பார்க்கிறார்.