ரெபேக்காள் சொல்லாத வரி

"பரமண்டல ஜெபத்துல எல்லாத்தையும் சொல்ற. 'உம்முடைய சித்தம் செய்யப்படுவதாக'ன்னு வரும்போது மட்டும் வாயை மூடிக்கிறியே, ஏம்மா?"

போதகர் ஆபிரகாம் இப்படிக் கேட்டதும் ரெபேக்காள் பஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மகாபலிபுரத்தில் ஏறிய பஸ் திருக்கழுக்குன்றம் தாண்டிச் செங்கல்பட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. போனது என்று சொல்லக்கூடாது, ஊர்ந்தது. கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் கட்ட சிமென்ட் ஏற்றிய லாரிகள் எதிரே வந்துகொண்டே இருந்தன.

"அதைக்கூடவா பாத்தீங்கோ?"

"நான் எல்லாருக்கும் எதிர்ல நிக்கறவன். எல்லார் வாயும் எனக்குத் தெரியும்."

"ஒம்போது வருசமா நான் அத்த சொல்றதில்லீங்க ஐயா. உங்களுக்கு முன்னால மூணு பேரு இருந்தாங்கோ, ஒர்த்தரும் கேக்கல."

ஒன்பது வருஷத்துக்கு முன்புதான் அவள் புருஷன் ஏசுபாதத்தைச் செங்கல்பட்டு தொழுநோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மருந்தில் நோய் அடங்கியது, ஆனால் விரல்கள் போய்விட்டன. 'இங்கே வரக் கூடாது' என்றது ஊர். 'நானும் வர மாட்டேன்' என்று அவனும் அங்கேயே இருந்துவிட்டான். ரெபேக்காள் மாதம் ஒருமுறை போய் அரைமணி நேரம் பார்த்துவிட்டுத் திரும்புவாள்.

ஊர் அவளையும் சேர்த்தே ஒதுக்கியது. குழாயடியில் கடைசிக் குடம் அவளுடையது. கோயிலில் அவள் உட்காரும் பாயில் வேறு யாரும் உட்காருவதில்லை. ஆராதனை முடிந்ததும் பெண்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்து ஸ்தோத்திரம் சொல்வார்கள். அவளுக்கு மட்டும் தூரத்திலிருந்தே ஒரு கும்பிடு. பாவம், ஒன்பது வருஷமாக ஊரில் ஒரு மனுஷக் கை அவள்மேல் பட்டதில்லை.

போன வாரம் அவளே போதகர் வீட்டு வாசலில் வந்து நின்று இடது கையை நீட்டினாள். முழங்கைக்குக் கீழே எட்டணா அளவில் வெளிறிய வட்டம் ஒன்று.

"டாக்டராண்ட இட்டுகினு போறீங்களா ஐயா?" என்று கேட்டாள். அதற்காகத்தான் இந்தப் பயணம்.

"ஆண்டவர் சித்தம் நம்ம ஆசைக்கு எதிரா இருந்துடுமோன்னு பயம். அதான் சொல்றதில்ல. சரிதானே?" என்றார் போதகர்.

"ஆமாங்க ஐயா."

"நம்ம ஆசையை அவர் கையில குடுத்துடணும்மா. அவர் நமக்குக் கெடுதல் செய்வாரா?"

"உங்களுக்கு இன்னா, சுளுவா சொல்லிடுவீங்கோ. வூட்டுக்குப் போனா உங்க வூட்டம்மா சோறு போட்டுகினு பேசிகினு இருப்பாங்கோ. என் வூட்டுல நான் இருமுனா ஏன்னு கேக்க ஆளு கீதா?"

போதகர் அவள் பக்கம் திரும்பினார்.

"சரி, நீ ஆண்டவர்கிட்ட என்னதான் கேக்கற? சொல்லு, நானும் சேர்ந்து ஜெபிக்கறேன்."

"இந்தக் கைய பத்தித்தாங்க ஐயா."

"அவ்வளவுதானே!" என்று போதகர் அங்கேயே கண்ணை மூடினார். அந்த வட்டம் ஒன்றும் இல்லாமல் போகட்டும், இந்தப் பெண்ணுக்கு ஒரு குறையும் வேண்டாம் என்று உருகி வேண்டி, ஆமென் சொன்னார். லாரிச் சத்தத்தில் ரெபேக்காள் ஆமென் சொன்னாளா என்பது அவர் காதில் விழவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ராஜாராம் அவளை ஸ்டூலில் உட்காரவைத்து ஒரு கோழியிறகை எடுத்தார்.

"கண்ணை மூடிக்கோம்மா. நான் தொடற இடத்தை விரலால காட்டணும்."

தோளில் தொட்டார். காட்டினாள். மணிக்கட்டில் தொட்டார். காட்டினாள். வெளிறிய வட்டத்தில் தொட்டார். அவள் விரல் மடியிலேயே கிடந்தது. மறுபடி தொட்டார். ம்ஹூம்.

கதவோரம் நின்ற போதகர் ஓரடி உள்ளே வந்தார். அந்த இடம் மரத்துப்போயிருந்தால் என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும். 'ஆண்டவரே, இவளுக்கும் வேணாம்' என்று முணுமுணுத்தார்.

டாக்டர் கண்ணாடிக் குழாயில் வெந்நீரை ஊற்றி, சத்தம் போடாமல் அந்த வட்டத்தின்மேல் வைத்தார்.

"ஐயோ!" என்று ரெபேக்காள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

டாக்டர் அவள் முழங்கை நரம்பை அழுத்திப் பார்த்தார். இன்னும் இரண்டு சோதனைகள் செய்துவிட்டுச் சிரித்தார். "உணர்ச்சி நல்லாவே இருக்கு. வெறும் தேமல்! களிம்பு தரேன், போயிடும். ஆமா, இறகு வெச்சப்ப மட்டும் ஏம்மா காட்டல?"

அவள் முந்தானையில் முகத்தை மூடிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

"பயம், டாக்டர்! இப்ப சந்தோஷம் தாங்கல," என்று போதகர் அவளுக்காகப் பதில் சொல்லி, வெளியே அழைத்து வந்தார்.

வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்தும் அழுகை நிற்கவில்லை. அந்தப் பக்கமாகப் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

"போதும்மா, கண்ணைத் துடை," என்றார் போதகர். "உன் ஆசையும் ஆண்டவர் சித்தமும் இன்னிக்கு ஒண்ணாயிடுச்சு பாத்தியா?"

"எங்கீங்க ஐயா ஒண்ணாச்சி?" ரெபேக்காள் தலையை நிமிர்த்தினாள். "புருசன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் அந்த நோவு இருந்தா ஆஸ்பத்திரி உள்ளாறயே ஒரு வூடு குடுக்கறாங்கோ. எனக்கும் அது வரணும்னுதான் ஒம்போது வருசமா முட்டி போட்டு கேட்டுகினு கீறேன்."