மிச்சச் சொல்

இந்தக் காலத்தில் பெற்ற மகளிடம் எப்படிப் பேசுவது என்பதையும் வெளியாளிடம் போய்க் கேட்டு வருகிறார்கள். என் மகள் செண்பகத்துக்கு எதை நினைத்தாலும் பயம்: அடுப்பு, மழை, லாரி, நாளைக்கு விடியப்போவது. நான் வெளியே கிளம்பினால் "போயிட்டு வரேன்" என்று சொல்ல வேண்டும். சொன்னாலும் போதாது, தெருமுனை வரை ஓடி வந்து மறுபடி மறுபடி சொல்ல வைப்பாள். அதற்கு அவள் போய்ப் பார்க்கிற கவுன்சிலிங் பெண் கண்டுபிடித்த வைத்தியம் இது: "ஐயா, இனிமே 'போறேன்'னு மட்டும் சொல்லிட்டுக் கிளம்புங்க. அவங்களுக்குப் பயம் ஏறும். அப்புறம் தானா இறங்கும்."

"ஏம்மா, பொணந்தான் அப்படிப் போகும். உங்கப்பன் வாசல்ல நின்னு இப்படிச் சொன்னா நீ கேட்டுக்கிட்டு நிப்பியா?" என்றேன். அவள் கோபப்படாமல் தலையாட்டினாள். அதில் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

இன்று காலை செருப்பை மாட்டினேன். செண்பகம் வாசல் கேட்டின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"சொல்லுப்பா."

"போறேன்," என்று துப்பினேன்.

அவள் உதடு வெளுத்தது. கம்பி கடகடவென்று ஆடியது. ஆனால் கால் வெளியே வரவில்லை. "போப்பா. திரும்பிப் பாக்காத," என்றாள்.

நடந்தேன். இதெல்லாம் ஒரு வைத்தியமா? கம்பிச் சத்தம் முதுகிலேயே ஒட்டிக்கொண்டு வந்தது. நான் தெருமுனைக்கு வந்ததும் சத்தம் சட்டென்று நின்றது. பயம் இறங்கிவிட்டதா, இவள் விழுந்துவிட்டாளா? பார்க்கக் கூடாதாமே! பேத்தல். "வரேன்" என்கிற மிச்சச் சொல்லைத் துண்டுக்குள் முனகிக்கொண்டே நடந்தேன்.